இல்லாத இரண்டாவது மானிட்டர்

மவுஸின் அம்புக்குறி திரையின் வலது ஓரத்தில் முட்டி நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்குப் பேசப் போகிறவனைப் போல நழுவி வெளியே போய்விட்டது.

அவன் மவுஸை இடதுபக்கம் இழுத்தான். உடனே வரவில்லை. போன இடத்தில் யாரோ பிடித்து வைத்து நலம் விசாரித்து அனுப்பியது போல, சற்றுத் தாமதித்துத்தான் வந்தது.

இன்னும் கட்டப்படாத வீடுகளைக் கட்டியது போலவே படமாக வரைந்து தருவது அவன் தொழில். அதற்குக் கிராபிக்ஸ் கார்டு வேண்டும். கார்டு வேலை செய்ய டிரைவர் என்ற மென்பொருள் வேண்டும். காலையில் கணினியை இயக்கும் லினக்ஸ் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டதில் டிரைவர் செத்துப்போய், எழுத்துகள் பூசணிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டன. பழைய டிரைவரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, புதிதைப் போடும் கட்டளைகளை இணையத்தில் முகம் தெரியாத ஒருவர் எழுதி வைத்திருந்தார். அந்த மனிதரை நம்பித் தன் குடையைக்கூடக் கொடுத்திருக்க மாட்டான். கட்டளைகளை மட்டும் வரி விடாமல் அடித்தான். நடுநடுவே கணினி ஏதேதோ கேட்டது. எல்லாவற்றுக்கும் படிக்காமலே 'ஆமாம்' தட்டினான். அது அவன் பழக்கம். "கம்ப்யூட்டர் எதைக் கேட்டாலும் ஆமான்னு போட்டுடு, யோசிச்சா வேலை ஓடாது" என்று மனைவிக்கும் அதையே கற்றுக்கொடுத்திருந்தான்.

ரீபூட் செய்த பிறகு பாஸ்வேர்டு கேட்டது. போட்டான். திரை கறுத்து, மறுபடி பாஸ்வேர்டே கேட்டது. மறுபடி போட்டான். மறுபடி வாசல். அப்போதுதான் மனைவி பஸ்ஸிலிருந்து கூப்பிட்டாள்.

"என்ன முதுகு, இன்னும் மல்லுக்கட்டா?"

அந்தப் பெயர் அவள் வைத்தது. வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால் அவளை வரவேற்பது எப்போதும் அவன் முதுகுதான். அதில் வந்த சண்டையில்தான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள்.

"சரியான பாஸ்வேர்டு போட்டாலும் உள்ள விட மாட்டேங்குதும்மா. வாசல்லயே நிக்க வைக்குது."

"நிக்கிறது எப்படி இருக்குன்னு இப்பவாவது தெரியுதா?" சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "இங்க பாருங்க, சாயந்திரம் வந்துடுவேன். கதவைத் திறக்க ஒரு முகம் வேணும். மறுபடியும் முதுகுன்னா அப்படியே அக்கா வீட்டுக்குத் திரும்பிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லல."

"நான்தான் திறப்பேன். சத்தியமா."

அவள் போனை வைத்ததும் கணினி அவனை உள்ளே விட்டது. எதற்குள் என்று அவன் கேட்கவில்லை.

இப்போது மழை இருட்டு கட்டிக்கொண்டு நின்றது. கண் கூசாமலிருக்க இழுத்துவிட்ட திரைச்சீலைக்குப் பின்னால் தெருவின் சத்தம் ஒன்றுகூட இல்லை; கார்டின் விசிறி மட்டும் சூடேறிய தூசியின் வாசனையை அறை முழுக்க ஊதிக்கொண்டு சுழன்றது, அதன் இரைச்சலுக்கு அடியில், வலதுபக்கச் சுவரை ஒட்டினாற்போல, இன்னொரு விசிறி அரை மூச்சு பிந்திச் சுழல்வதும் காதில் விழுந்தது. காபிக் கோப்பைக்கு வலதுகையை நீட்டினான். கோப்பை இடதுபக்கம் இருந்தது. டிரைவர் கோப்பையையுமா இடம் மாற்றும் என்று சிரித்துக்கொண்டான். சிரிப்பு அறையில் எடுபடவில்லை.

அமைப்புப் பக்கத்தைத் திறந்தான். இரண்டு மானிட்டர் இருப்பதாகக் காட்டியது. ஒன்று. இரண்டு. மேசையில் இருந்ததோ ஒன்றே ஒன்று. இல்லாத மானிட்டரை இருப்பதாக டிரைவர் நம்புவது புதிதல்ல. இந்தத் தொழிலில் அதெல்லாம் சளி காய்ச்சல் மாதிரி. அந்த இல்லாத திரையில் என்னதான் தெரிகிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் இரண்டு திரையும் ஒரே படமாக வரும்.

எடுத்தான்.

படத்தின் இடதுபாதியில் அவன் திரை. வலதுபாதியில் ஓர் அறை. இதே அலமாரி, இதே நாற்காலி, பின்னால் இதே கதவு; எல்லாம் மானிட்டர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தது போல. நாற்காலி காலியாக இருந்தது.

இந்தக் கணினியில் கேமராவே கிடையாது.

மறுபடி எடுத்தான். இப்போது கதவருகே ஓர் ஆள் நின்றான், முதுகைக் காட்டிக்கொண்டு. அந்த முதுகை அவன் ஒருபோதும் பார்த்ததில்லை. ஆனாலும் தெரிந்தது. வெளுத்த நீலச் சட்டை. குனிந்து குனிந்தே வளைந்துபோன தோள்.

தன் சட்டையைப் பார்த்துக்கொண்டான்.

எழுந்து கதவுக்கு ஓடினான். கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் கீல் இருந்தது. மறுபக்கம் தடவிக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். கதவு அசையவில்லை. அசைகிற பொருள்போலவே இல்லை. கதவு மாதிரி வரைந்து வைத்த சுவர். இத்தனை வருடம் அவனே வரைந்த வீடுகளின் கதவுகளைப் போல.

ஓடிவந்து உட்கார்ந்தான். மறுபடி ஒரு படம்.

நாற்காலியில் அவன் முகம். மிக அருகில். மவுஸ்மேல் கை. காத்திருக்கும் கண்கள்.

அணைத்துவிட வேண்டும். இரண்டாவதை அணைத்துவிட்டால் போதும். எது ஒன்று, எது இரண்டு என்று உறுதி செய்துகொள்ள ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் ஒவ்வொரு திரையிலும் அதன் எண் பெரிதாகத் தெரியும். அழுத்தினான். எண் வரவில்லை. கணினி யோசித்தது.

வாசலில் மணி அடித்தது.

அவள். சுவருக்கு அப்பால், எங்கோ தொலைவில்.

முகம் வேண்டும். கதவைத் திறக்க முகம்.

இரண்டாவது மானிட்டர். அணை. ஆமாம்.

தட்டிய விரல் மேலே எழும் முன், அவன் பார்த்துக்கொண்டிருந்த திரையின் மூலையில் அந்த எண் வந்தது.

2.

விளக்கு போனது. விசிறி நின்றது. அலமாரி, மேசை, சுவர், எதுவும் இல்லை. கைக்கு எட்டும் தூரத்தில் கண்ணாடிச் சதுரம் ஒன்று மட்டும் வெளிச்சமாக நின்றது. அதற்கு அப்பால் அவன் அறை. நாற்காலியில் அவன்.

கண்ணாடியின் நடுவே எழுத்துகள், இடம் வலம் மாறி. வாழ்நாளில் முதல் முறையாக அவன் படித்தான். எழுத்து எழுத்தாக. *இந்த மாற்றத்தை நிலையாக வைத்துக்கொள்ளவா? பதில் இல்லையென்றால் பழைய நிலைக்குத் திரும்பும்.* கீழே ஓர் எண் குறைந்துகொண்டிருந்தது.

தொடாதே. யாரும் தொடாதே.

நாற்காலியில் இருந்தவன் தொடவில்லை. எழுந்தான். போய்க் கதவைத் திறந்தான்.

"அட! முதுகுக்கு முகம் முளைச்சிருக்கே!" அவள் பையைக் கீழே போட்டாள். கண் கலங்கியிருந்தது. "நிஜமாவே எனக்காக எழுந்து வந்தீங்களா?"

அவன் கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தான். சத்தம் வரவில்லை. அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். அதற்கும் வரவில்லை.

அவள் பார்வை இந்தப் பக்கம் திரும்பியது. அருகே வந்தாள். குனிந்தாள். அவள் மூச்சில் கண்ணாடி மங்கியது.

"என்னங்க, இது ஏதோ கேக்குது."

"நீயே போட்டுடும்மா," என்றது அவன் குரல்.

அவள் படிக்கவில்லை. சிரித்துக்கொண்டே விரலை நீட்டினாள்.