மன்னிப்பு எழுதும் கை

வீட்டுக்குள் சோறு வெந்த வாசனை அடித்தது. இசல் கழற்றிய காலணியோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். தனியாக இருப்பவள், இரண்டு வாரமாக அடுப்படிப் பக்கமே போகவில்லை. குக்கரைத் திறந்தால் ஆவி பறக்கும் சோறு, அவளுக்குப் பிடித்த மாதிரி கறுப்பு பீன்ஸ் போட்டு. கதவைத் திறக்கும் ரகசிய எண் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

காதலன், பள்ளிக்கூட வாத்தியார் தோ-கியோமோடு கைகோத்து அவள் நடந்த படம் நேற்று வெளியானது. அதிலிருந்து சியோல் நகரமே அவள்மேல் பாய்ந்துகொண்டிருக்கிறது. ‘ஏமாற்றிவிட்டாய்’ என்று விளக்குப் பலகை கட்டி ரசிகர்கள் அனுப்பிய லாரிகள் அவள் பாடும் கம்பெனி வாசலில் நிற்கின்றன. பாடகிக்குக் காதல் வந்தால் தன் கைப்பட மன்னிப்பு எழுதி, படம்பிடித்து இணையத்தில் போட வேண்டும், அதுதான் வழக்கம். ஆறு மணிக்குள் வேண்டும் என்றிருந்தார் மேனேஜர் ஜாங். மன்னிப்பாம்! யார் குடியைக் கெடுத்தாள்? பாட்டைக் கேட்டார்கள், சந்தோஷம். அதற்காக அவள் மூச்சுக்கும் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டாளா? எழுத முடியாது என்று சொல்லிவிட போனை எடுத்தாள். அதற்குள் அவரே அழைத்தார்.

“நல்லா எழுதியிருக்கம்மா. போட்டாச்சு. எல்லாரும் அழுவுறாங்க.”

“நான் எழுதவே இல்லண்ணே.”

போனில் பார்த்தாள். அவள் கையெழுத்துதான். அதே சாய்வு, அதே கொக்கி. ‘அவரை விட்டுவிட்டேன். இனி நான் உங்களுக்கு மட்டும்.’ போன பிறந்தநாளுக்கு அவள் எழுத்தைப் பார்த்து எழுதிப் பழகும் நோட்டாக அடித்து ரசிகைகளுக்கு விற்றது கம்பெனி. சிரித்துக்கொண்டே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவள் அவள்தான். மடச்சி!

அதை எடுத்துவிடச் சொல்லிக் கத்தினாள்.

“யார் எழுதினா என்னம்மா? அவங்களுக்குப் புடிச்சிருக்கு. நீயும் அப்படியே இருந்துடு.”

வைத்துவிட்டார். வெளியே லிஃப்ட் திறக்கும் ஓசை. காலடிகள், நிறையக் காலடிகள், ஒரு பேச்சுக்கூட இல்லாமல். கதவின் எண் பொத்தான்களில் ஒரு கீச்சொலி. இன்னொன்று. மூன்று. நான்கு.

கதவு திறந்தது.

ஒரு பெண். இசலின் முடிவெட்டு. இசலின் சாம்பல் கோட்டு. கண்ணுக்குக் கீழே இசலின் மச்சம். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அவளுக்குப் பின்னாலும். லிஃப்ட்வரை அதே முகம்தான். சத்தமில்லாமல் காலணி கழற்றி, ஒவ்வொருத்தியாக உள்ளே வந்தார்கள்.

“யாரு நீ?” என்றாள் முதலாமவள், இசலின் குரலிலேயே. “எங்க இசல் வீட்டுல உனக்கென்ன வேலை?”

இசலின் கையில் போன் அடித்தது. தோ-கியோம். அவள் எடுப்பதற்குள் அந்தப் பெண் பிடுங்கிக்கொண்டாள். நிதானமாகப் பேசினாள். இனிமேல் கூப்பிட வேண்டாம் என்றாள்.

“நீதானா பேசுற?” போனில் தோ-கியோமின் குரல் உடைந்திருந்தது. “நிஜமா நீதானா?”

இசல் அலறினாள். நான் இங்கே இருக்கிறேன் என்று அலறினாள்.

சுற்றி நின்ற அத்தனை பேரும் வாய் திறந்தார்கள். அதே குரலில், அதே சொல்லை, அவளைப் போலவே கண்ணீர் வழிய, அலறினார்கள்.