சாதனை வீடியோவில் ஒரு சாவுச் சத்தம்!

டெலிபோன் அலறியது!

பல் டாக்டர் எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்? அவருடைய இரண்டு கைகளும் ஒரு பேங்க் மேனேஜரின் வாய்க்குள் இருந்தன.

மறுபடியும் அலறியது.

"ஆ... ஊ... ஓ..." என்றார் மேனேஜர்.

"போனை எடுக்கச் சொல்றீங்களா? சரி, வாயை மட்டும் மூடிடாதீங்க!"

மறுமுனையில் புயல்!

அது கேமில் வைத்துக்கொண்ட பெயர். நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. 'கோட்டைப் பிடி' என்கிற வீடியோ கேமில், எதிரியின் கோட்டையை எல்லோரையும்விட வேகமாகப் பிடித்த சாதனை நேற்றுவரை அந்தப் புயல் கையில்தான் இருந்தது.

"டாக்டர்! கொலை!"

"உங்க ரெக்கார்டை ஒருத்தர் முறியடிச்சிட்டா அதுக்குப் பேரு கொலையா?"

"ஐயோ, நிஜக் கொலை டாக்டர்! அந்தப் புது ஆளோட வீடியோவை சத்தம் வச்சுக் கேளுங்க... பின்னாடி ஒருத்தன் சாகுறான்!"

டாக்டருக்குக் கையுறைக்குள் வியர்த்தது.

பகலில் பல் பிடுங்குகிறவர், மாலையில் சாதனைகளைப் பிடுங்குவார். அந்த கேமுக்கு வந்து சேருகிற சாதனை வீடியோக்களை, ஒரு குழுவின் சார்பில் சரிபார்ப்பது அவர்தான். விதிகளை எழுதியவரும் அவரேதான். வீடியோ வெட்டு, ஒட்டு இல்லாமல் ஒரே ஓட்டமாக இருக்கவேண்டும். விளையாடுகிற அறையின் சத்தமும் கூடவே பதிவாக வேண்டும். நடுவில் வெட்டினால் அந்தச் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா! நேரம் காட்ட, தாளம் போட என்று வெளிக்கருவி எதன் உதவியும் கூடாது. யாருக்கும் சலுகை கிடையாது.

அந்தப் புது ஆளை ஏற்கனவே இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருந்தார். காரணம், அறைச் சத்தம் இல்லை.

நேற்று மூன்றாவது தடவையாக வந்து, எல்லோர் பார்வைக்கும் கிடந்த வீடியோவை அவர் இன்னும் சரிபார்க்கவில்லை. இந்தத் தடவை சத்தம் இருந்தது...

கம்ப்யூட்டரைத் தட்டினார். திரையில் குதிரைப்படை பாய்ந்தது. அதற்குப் பின்னால்...

"கர்ர்ர்... க்ஹ்ஹ்... க்ஹ்ஹ்க்..."

யாரோ யாருடைய கழுத்தையோ நெரிக்கிறார்கள்!

பிறகு... நிசப்தம்!

டாக்டர் தன் மச்சானை அழைத்தார். மனைவியின் அண்ணன். இன்ஸ்பெக்டர்!

ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்ததும் நாற்காலியில் மல்லாந்து, வாயைப் பிளந்து கிடந்த உருவத்தைப் பார்த்தார்.

"இதுதான் பாடியா மாப்பிள்ளை?"

"ஆ... ஊ..!" என்று பாடி பதறியது.

"அடடா, மறந்தே போயிட்டேன்! நீங்க மூடிக்கலாம் சார். நாளைக்கு வாங்க!"

மேனேஜர் தாடையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

"வீடியோ அனுப்பினது யாரு?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"சும்மாஇரு."

இன்ஸ்பெக்டரின் மீசை துடித்தது. "தங்கச்சி புருஷனாச்சேன்னு பார்க்கறேன்..."

"ஐயோ மச்சான்! அதுதான் பேரு! கேம்ல 'சும்மாஇரு'ன்னு புனைபெயர் வச்சிருக்காங்க!"

"அப்படிச் சொல்லுங்க. சத்தத்தைப் போடுங்க."

"கர்ர்ர்... க்ஹ்ஹ்க்..." நிசப்தம்.

"செத்துட்டான்," என்றார் இன்ஸ்பெக்டர், தொப்பியைக் கழற்றியபடி.

"...கர்ர்ர்ர்!"

"மறுபடியும் சாகுறான்!"

தொப்பி தலைக்குத் திரும்பியது. இன்ஸ்பெக்டர் ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்தார். நெற்றி சுருங்கியது. மெள்ள நிமிர்ந்தார்.

"மாப்பிள்ளை... போன லீவுல டூர் போனோமே. நீங்களும் நானும் ஒரே ரூம்ல படுத்தோம், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அதுக்கென்ன?"

"அங்கே நான் பொட்டுத் தூக்கம் தூங்கலை. இந்தச் சத்தத்தை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். செத்தது வேற யாரும் இல்லை... நீங்கதான்!"

"நானா?! எனக்குக் குறட்டையே வராதே மச்சான்!"

"விடறவனுக்கு என்னிக்குத் தெரிஞ்சிருக்கு!"

டாக்டர் கணக்குப் போட்டார். தன் குறட்டை ஒரு வீடியோவில் இருக்கிறதென்றால்... தான் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து விளையாடியது...

"என் பொண்டாட்டி!"

"என் தங்கச்சி!"

ஜீப் பறந்தது!

வீட்டில் அவள் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருந்தாள். ஆம்புலன்ஸ் கன்ட்ரோல் ரூமில் வேலை. எந்த வண்டியை எந்தத் தெருவுக்கு எப்போது அனுப்புவது என்று நாள் முழுக்கக் கணக்குப் போடுகிறவள். குதிரைப்படை அவளுக்கு எம்மாத்திரம்!

"நீதான் சும்மாஇருவா?" டாக்டர் மூச்சிரைத்தார்.

"ஆமா!"

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா ஊரே 'பொண்டாட்டிங்கறதால விட்டுட்டார்'னு பேசும். இல்லேன்னா, நேர்மையைக் காட்டறேன்னு நீங்களே வீம்புக்குத் தள்ளுபடி பண்ணுவீங்க. நான் நியாயமா ஜெயிக்கணும்னு நினைச்சேங்க."

டாக்டருக்குச் சுருக்கென்றது. இரண்டு தடவை 'தகுதியற்றது' என்று இந்தக் கையால்தானே தட்டினார்!

இன்ஸ்பெக்டர் அவர் காதோரம் குனிந்தார். "யாருக்கும் தெரியாது மாப்பிள்ளை. பேசாம பாஸ் பண்ணிவிடுங்க. வீட்டு விஷயம் வீட்டோட போகட்டும்."

டாக்டர் தன் மனைவியைப் பார்த்தார். ஆசையாகத்தான் இருந்தது.

"வேணாம் மச்சான். அப்புறம் இவ ஜெயிச்சது ஜெயிச்சதாவே இருக்காது."

போனை எடுத்தார். சரிபார்ப்புக் குழுவின் தலைவி ஓர் இயற்பியல் டீச்சர். சிரித்துப் பார்த்தவர் கிடையாது. டாக்டர் புயலையும் அதே அழைப்பில் சேர்த்து, எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். "இவ என் மனைவி. நான் விலகிக்கறேன். தீர்ப்பு நீங்களே சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் வீடியோவை முழுசாகக் கேட்டார்.

"குறட்டை எங்கேயும் அறுபடலை. ஒரே ஓட்டம். வெட்டு, ஒட்டு எதுவும் இல்லை!"

மனைவி துள்ளினாள்.

"ஒரு நிமிஷம்!" புயல் சீறியது. "நல்லாக் கவனிங்க டீச்சர்! ஒவ்வொரு 'கர்ர்'ருக்கும் ஒரு படை கிளம்புது! இவர் தாளம் போட்டுக் குடுத்திருக்கார்! இது வெளிக்கருவி! விதிப்படி ரெக்கார்ட் ரத்து!"

"அப்படியாம்மா?" டீச்சரின் குரல் சில்லிட்டது.

மனைவி தலை குனிந்தாள். "ஆமா டீச்சர்... கடிகாரம் மாதிரி சீரா வந்துச்சு. அதைக் கேட்டுத்தான் அனுப்பினேன்."

டாக்டர் சோபாவில் சரிந்தார். போச்சு!

"அப்போ ஒரே ஒரு கேள்வி," என்றார் டீச்சர். "கருவின்னா அதால ஏதாவது வேலை நடக்கணும். உங்க வீட்டுக்காரரால வீட்டுல ஏதாவது வேலை நடக்குமா? யோசிச்சுச் சொல்லுங்க. நடக்கும்னா, ரெக்கார்ட் ரத்து!"

மனைவி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் மானத்தை மூட்டை கட்டிவிட்டு, 'இல்லைன்னு சொல்லு' என்று இரண்டு கையாலும் ஜாடை காட்டினார்.

"சத்தியமா ஒண்ணும் நடக்காது டீச்சர்!"

"போலீஸ் சாட்சி வேணும்னா நான் இருக்கேன்!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அப்போ இவர் கருவி இல்லை... வெறும் புருஷன்தான். ரெக்கார்ட் செல்லும்!"