காதோரப் பச்சை விளக்கு

செவ்வாய்க் கிரகத்தில் காலையில் எழுந்தவர்கள் பல் விளக்குவதற்கு முன்னால் காதுக்குப் பின்புறம் பதித்த ஞாபகச் சில்லைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். சில்லு சூடில்லாமல் இருந்தால் நேற்றைய நாள் ஒழுங்காகப் பதிந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம்தான் காபி.

அங்கே எல்லாருடைய ஞாபகமும் அந்தச் சில்லில்தான். தொழிலுக்கு ஓர் அறை, குடும்பத்துக்கு ஓர் அறை என்று அதற்குள் தடுத்துக் கொடுத்திருந்தார்கள். புதிதாக ஏதாவது பதிந்தால் காதோரம் கடுகளவு பச்சை விளக்கு மினுக்கும்.

மூச்சுக்காற்று விளைவிக்கும் காற்றுத் தோட்டத்தில் வேலை பார்த்த தணிகாசலம், பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டுத் தொழில் அறையைக் கொஞ்சம் அகலமாக்கப் போனார். நாமே செய்துகொள்ளலாம், சுலபம் என்றாராம் அவர். குடும்ப அறை காணாமல் போயிற்று. நிமிர்ந்த தணிகாசலம், எதிரே நின்ற மனைவி அஞ்சுகத்தைப் பார்த்துக் கை கூப்பினார்.

"வணக்கங்க. யாரைப் பாக்கணும்?"

விளையாடுகிறார் என்று நினைத்தாள் அஞ்சுகம். முப்பது வருஷத்தில் அவர் ஒருநாளும் விளையாடியதில்லை என்பது உறைத்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சில்லு மீட்கும் ரெஜினா வந்தாள். அலைந்து அலைந்து அவளுக்குக் கண்ணெல்லாம் தூக்கம்.

"அழியலம்மா. உள்ள அப்படியே இருக்கு. எது எங்க இருக்குன்னு சொல்ற குறிப்புதான் போயிடுச்சு. தேடி எடுத்து ஒட்ட ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் இவருக்குப் புதுசா எதுவும் பதியக்கூடாது. காலி இடம்னு நெனச்சு பழசு மேலயே போய் உக்காந்துக்கும். அப்புறம் அது யாருக்கும் கிடைக்காது."

"கண்ணத் தெறந்தா ஏதாவது பதியத்தானே செய்யும்? தூங்க வெச்சிடேன்."

"கனவும் பதியும்மா."

அஞ்சுகத்தின் பாடு அன்றிலிருந்து ஆரம்பித்தது. டீ கொடுத்தால், "ஏலக்காய் போட்டீங்களா? ரொம்ப நல்லாருக்குங்க" என்பார். விளக்கு மினுக்கும். "உங்க பேரு என்னங்க?" மினுக்கும். "கையில சூடு பட்டிருக்கே, எப்படி ஆச்சு? மருந்து போட்டீங்களா?" மினுக்கும்.

அந்தத் தழும்புக்கு இருபது வயது. ஒருநாளும் அவர் கேட்டதில்லை. இப்போது கேட்கிறார், கேட்ட பாவத்துக்கு எது அழிந்ததோ. கல்யாண நாளா? மூத்தவள் நடக்கப் பழகிய அந்தச் சாயங்காலமா?

"உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன், என்னைப் பாக்காதீங்க" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஏங்க, நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?" மறுபடியும் மினுக்கியது.

மூன்றாம் நாள் ரெஜினாவைக் கூப்பிட்டு, "என்னால முடியலம்மா" என்றாள்.

ரெஜினா கிடங்கிலிருந்து உள்ளங்கை அளவில் ஒரு கண்ணாடிப் பலகையைக் கொண்டுவந்தாள்.

"பூமியில அந்தக் காலத்துல ஆளுக்கு ஒண்ணு வெச்சிருந்தாங்களாம். விரலால தள்ளினா ஒரு படம். மறுபடி தள்ளினா இன்னொண்ணு."

"அத்தனையும் மண்டையில ஏறிடாதா?"

"சோதிச்சாச்சும்மா. பொழுதன்னிக்கும் பாத்தாலும் ஒண்ணும் பதியாது."

தணிகாசலம் தள்ள ஆரம்பித்தார். பூனை ஒன்று மேசையிலிருந்து விழுந்தது. யாரோ பரோட்டா வீசினார்கள். யாரோ யாரையோ திட்டினார்கள். ஒருத்தி ஆடினாள். விளக்கு மினுக்கவே இல்லை. டீ ஆறியது. ஆறியதையே குடித்தார். அஞ்சுகம் மூடிய முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டில் நடமாடினாள்.

வாரக் கடைசியில் ரெஜினா காதோரம் கருவியை வைத்துப் பார்த்தாள். "பெரும்பாலும் கிடைச்சிடுச்சும்மா. கல்யாணம், பிள்ளைங்க, எல்லாம் இருக்கு. இனிமே தாராளமாப் பேசலாம். சார், அந்தப் பலகையக் குடுங்க."

"இதோ, இந்த ஒண்ணு பாத்துட்டு" என்றார் தணிகாசலம்.

ரெஜினா நின்று பார்த்தாள். பிறகு, நாளைக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

"அஞ்சுகம்" என்றார் அவர். பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்! பக்கத்தில் ஓடிப் போய் நின்றாள்.

"தண்ணி கொண்டா." தலை நிமிரவில்லை.

கொண்டுவந்து வைத்தாள். "நம்ம மூத்தவ முழுகாம இருக்காளாங்க. இப்பதான் சேதி வந்துது."

"ம்."

ஒரு வாரமாக மினுக்கிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்ட அந்த விளக்கை, இப்போது மினுக்கட்டும் என்று குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவர் அடுத்ததைத் தள்ளினார்.