விழுந்தவன்

வெல்லம் கருகும் வாசனை வந்தது. கரி சுடும் அந்தக் கூப்பில் ஒருவரிடமும் வெல்லம் இல்லை.

ஆரோக்கியநாதன் கையிலிருந்த கட்டையைக் கரிமூட்டத்தின் மேல் வைக்காமல் அப்படியே நின்றான். ஐப்பசி மழை விட்டு, மேகம் மரங்களுக்குள் இறங்கி, நடுப்பகலே பொழுது சாய்ந்த மாதிரி கிடந்தது. ஈரச்சேறும், பச்சைக்கட்டைப் புகையும், கீழ்க்கொட்டகையில் படுத்துக் கிடக்கிறவர்களிடமிருந்து காற்றில் ஏறி வருகிற அந்தப் புளித்த நாற்றமும்தான் இத்தனை நாளாக மூக்கில் இருந்தன. அவற்றுக்கு நடுவே, அடுப்பில் மறந்துவிட்ட பாகு அடிப்பிடித்த மாதிரி ஒரு இனிப்பு நூல்போல நுழைந்து, ஒரு மூச்சு நேரம் நின்று, போய்விட்டது.

அவனுக்கு மட்டும் வருகிற வாசனை அது. போகாமல் நின்றுவிட்டால், அடுத்து அவன் விழுவான்.

கீழே மூட்டத்தின் மேல் போர்த்த இலைக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்த அவன் மனைவி பிலோமினாள் நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாங்க, மூஞ்சி ஏன் இப்படி கீது? வந்துச்சா?"

"வந்து போய்டுச்சு."

"மாதாவே." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ரவ நேரம் உக்காருங்க. யாரும் பாக்கல."

யாரும் பார்க்கக் கூடாது. யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரியில் ஓடிய காலம். ஜவ்வாது மலையில் மரம் வெட்டிக் கரி சுடும் கூப்புகளில் கூலிக்கு ஆள் போதவில்லை. ஆனாலும் காக்காய் வலிப்புக்காரனை நெருப்பு வேலைக்கு எந்த மேஸ்திரி சேர்ப்பான்? கீழே மிஷன் ஆஸ்பத்திரியில் கொடுத்த உப்புக் கரிக்கும் மருந்தைக் குடித்துக் குடித்து, வலிப்பு அவனை மறந்தே போயிருந்தது. பிறகு மலையில் வாந்திபேதி வந்தது. மலைக்காரர்கள் ஊர் வழியெல்லாம் முள்ளை வெட்டிப் போட்டார்கள். அடிவாரத்தில் போலீஸ் நின்று, இறங்குகிறவனைத் திருப்பி அனுப்பியது. சீசாவில் மருந்து தீர்ந்தது. அதோடு தூக்கமும் போனது. விழுந்துவிடுவோமோ என்று பயந்தால் வாசனை வரும். வாசனை வந்தால் பயம் இன்னும் கூடும். செக்கு மாடு மாதிரி அதிலேயே சுற்றிக்கொண்டிருந்தான்.

விழுவதுகூட அவனுக்குப் பெரிதில்லை. அதற்குப் பிறகுதான். உடம்பு வெட்டி வெட்டி ஓய்ந்ததும் அவன் கட்டையாகிவிடுவான். கண் மேலே சொருகிக்கொள்ளும். மூச்சு இருக்கிற இடம் தெரியாது. கல்யாணமான புதிதில் அப்படிக் கிடந்தபோது அவன் சொந்த அக்காவே ஒப்பாரி வைத்துவிட்டாள். பிலோமினாள்தான் விரலை எச்சிலில் நனைத்து மூக்கடியில் பிடித்து, "சும்மா இருங்க, காத்து வருது" என்றாள். பிணத்துக்கும் அவனுக்கும் வித்தியாசம் தெரிந்தவள் இந்த மலையில் அவள் ஒருத்திதான்.

கூப்பில் வாந்திபேதியின் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. "வுழுந்துட்டான்" என்பார்கள். அவ்வளவுதான். உடனே மூக்கில் துணி கட்டிய இரண்டு பேர் கோணிச்சாக்குத் தூளியோடு வருவார்கள். ஆரோக்கியநாதன் வீட்டிலும் அவன் வலிப்புக்கு அதே பெயர்தான். இரண்டு நோய்க்கும் ஒரே சொல். அந்தச் சொல் எங்கே கேட்டாலும் அவன் திரும்பிப் பார்த்தான்.

முதலில் செத்தவர்களைப் புதைத்தார்கள். முழங்கை ஆழத்தில் பாறை தட்டியது. மழைத்தண்ணீர் குழியை நிரப்பியது. காட்டுப்பன்றி கிளறியது. காலையில் கிடந்ததைப் பார்த்துவிட்டு மேஸ்திரி முனிசாமி திரும்பி நடந்தான். மறுநாள் ஓரமாக ஒரு மூட்டம் அடுக்கச் சொன்னான்.

"உள்ள வெச்சு மூடிடுங்க. கரியோட கரியா போவட்டும்."

"எங்க ஆளுங்கள எரிக்க மாட்டோம் மேஸ்திரி," என்றாள் பிலோமினாள்.

"பாறைய நீ தோண்டுறியாம்மா? நீ மாதாகோயிலா, மாரியாத்தாவான்னு அந்த நோவு கேட்டுக்கினா வருது?"

மூட்டத்தின் மேல் பூசச் சேறு குழைக்கும் ராஜாக்கண்ணு சிரித்தான். "இந்தக் கரியில ஓடுற பஸ்ஸு ஏத்தம் ஏறும்போது, மேஸ்திரீன்னு கூப்புடும் பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இலைக்கட்டைப் பிரித்த பிலோமினாள் எழுந்து புதர்ப்பக்கம் போனாள். திரும்பி வந்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி போனாள். ஆரோக்கியநாதன் கட்டை அடுக்குவதை நிறுத்திவிட்டு அந்தப் புதரையே பார்த்தான். மேகம் அதை மூடியது, விலகியது. அவள் வந்தபோது கண் குழியில் இறங்கியிருந்தது. உதடு சாம்பல்.

"இன்னாமே?"

"ஒண்ணுமில்லீங்க. கூழு சேரல."

அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. இலையை எடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை.

"வுழுந்துட்டா!" என்று யாரோ கத்தினார்கள்.

தூளியின் பின்னாலேயே கொட்டகைக்கு ஓடினான். அவள் கை ஐஸ்கட்டி. விரல் நுனியெல்லாம் நாளெல்லாம் துணி துவைத்த கை மாதிரி சுருங்கிப் போயிருந்தது. அவனை அருகே இழுத்தாள்.

"நான் போய்ட்டா உங்களுக்கு உசுரு கீதுன்னு யாரு சொல்லுவாங்க?" என்றாள். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ராஜாக்கண்ணுகிட்ட சொல்லிடுங்க. வேல போனா போவட்டும். இப்பவே போங்க."

போனான். ராஜாக்கண்ணு சேற்றை மிதித்துக்கொண்டிருந்தான். ஓர மூட்டத்தில் ஒரு பக்கம் இன்னும் திறந்திருந்தது.

"ராஜாக்கண்ணு. ஒரு சங்கதி."

"சொல்லு நைனா."

"நான் வுழுந்தா, என்னை உடனே தூக்கிடாத. கொஞ்சம் பொறு. நான் எய்ந்துப்பேன்."

ராஜாக்கண்ணு மிதிப்பதை நிறுத்தினான். அவன் முகத்தில் கேலி இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எல்லாரும் அதான் சொல்றாங்க நைனா, எய்ந்துப்பேன்னு. நேத்து வெள்ளையம்மாளும் சொல்லிச்சு." ஓரடி பின்னால் போனான். "ஒனக்கு எப்பலேர்ந்து? வயிறு வலிக்குதா?"

"அது இல்ல. இது வேற. எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே..."

வெல்லம் கருகியது.

இந்த முறை நூலாக வரவில்லை. அண்டா அண்டாவாக, மலையே பாகாகக் காய்ந்து அடிப்பிடித்த மாதிரி வந்து, மூக்கையும் வாயையும் அடைத்து, நின்றது. போகவில்லை. ராஜாக்கண்ணுவின் வாய் அசைந்தது. சத்தம் இல்லை. தன் கை தானாகத் துள்ளுவதை ஆரோக்கியநாதன் பார்த்தான். யாருடைய கையோ போல.

வானம் சாய்ந்தது.

பிறகு ஒன்றுமில்லை.

அப்புறம் ஒரு சத்தம்.

தப். தப். தப்.

அவனுக்கு எப்போதும் காதுதான் முதலில் திரும்பி வரும். அப்புறம் கண். கை நெடுநேரம் கழித்து. நாக்கு எல்லாவற்றுக்கும் கடைசி. அதனால் கேட்டுக்கொண்டு கிடந்தான். தெரிந்த சத்தம். தினமும் கேட்கிற சத்தம். ஈரச்சேற்றை உள்ளங்கையால் அறைந்து பூசும் சத்தம்.

இன்று அதை மூட்டத்துக்கு உள்ளேயிருந்து கேட்டான்.

கண் வந்தது. இருட்டு. முகத்துக்கு மேலே கட்டைகள், நெருக்கமாக, அவனே அடுக்கிய கட்டைகள். முதுகுக்கடியிலும் கட்டை. பச்சை இலை வாசனை. பக்கத்தில் யாரோ படுத்திருந்தார்கள். சில்லிட்ட ஒரு கை அவன் கைமேல் கிடந்தது. சுருங்கிய விரல் நுனிகள்.

பிலோமி.

கத்தினான். வாய் திறக்கவில்லை. கடித்துக்கொண்ட நாக்கு, வாய்க்குள் வீங்கி, வேறு எவனுடையதோ மாதிரி கிடந்தது. காலை உதைத்தான். கால் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்ச நேரம் கொடுத்தால் விரல் வரும். விரல் வந்தால் கட்டையைத் தட்டலாம்.

தப். தப்.

பக்கவாட்டில் ஒரு பொந்து மட்டும் பாக்கி. அதில் சாம்பல் வெளிச்சம். வெளிச்சத்தை ஒரு முகம் மறைத்தது. மூக்கில் துணி. ராஜாக்கண்ணு. அவன் கண் நேராக ஆரோக்கியநாதனின் கண்ணைப் பார்த்தது.

பாரு. பாரு. நல்லா பாரு.

"மேஸ்திரி, கண்ணு தொறந்து கீதே?"

"எல்லாத்துக்கும்தான் தொறந்து கீது. பூசுடா."

முகம் நகரவில்லை. ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. இமையை மூடித் திறக்கப் பார்த்தான் ஆரோக்கியநாதன். பாதி இறங்கியது. நின்றுவிட்டது.

"மன்னிச்சுக்கோ நைனா," என்றது முகம்.

தப்.

வெளிச்சம் போயிற்று.

இனி மேலே. தணல் போடும் உச்சித்துளை. அவனுக்குத் தெரியும். அடுத்து என்ன என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஏணி சாத்தும் சத்தம். ஆள் ஏறும் சத்தம். கட்டைகளுக்குள் தூசி உதிர்ந்தது. தலைக்கு மேலே காசளவு வானம். அதன் விளிம்பில் இரும்புத் தட்டு உரசியது.

சுண்டுவிரல் வந்தது. அசைந்தது. கட்டையைச் சுரண்டியது. எறும்பு நடக்கிற சத்தம்கூட இல்லை.

வானம் சிவந்தது.

முதல் தணல் கட்டைக்குக் கட்டை தட்டி, பொறி சிந்தி, நிதானமாக இறங்கி வந்தது. அந்தச் செவ்வெளிச்சத்தில் பக்கத்து முகம் தெரிந்தது. பாதி திறந்த வாய். சாம்பல் உதடு. தணல் அவள் மார்பில் விழுந்தது.

அவன் கைமேல் கிடந்த சில்லிட்ட விரல்கள், ஒவ்வொன்றாக, மெதுவாக மூடி, அவன் கையை இறுகப் பிடித்தன.