மூன்று தட்டு, பத்து மூச்சு

அந்த வருஷம் வெள்ளம் ஜூன் கடைசியில்தான் எங்கள் தோணித்துறைக்கு வந்து சேர்ந்தது. மழை பெய்தது என்னவோ ஜனவரியில், அங்கோலா மலைகளில். அந்தத் தண்ணீர் சாவகாசமாக எங்கள் ஒகவாங்கோ ஆற்றுச் சதுப்புக்கு இறங்கி வர ஆறு மாதம் ஆகும். தண்ணீர் வந்த மூன்றாம் நாளே பயணிகளும் வந்துவிட்டார்கள். என் பங்குக்கு விழுந்தது டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு தம்பதி. இரண்டு பேர், நாலு பேர் மூட்டை.

"யானை பாக்கணும், நீர்யானை பாக்கணும், தோணியிலேயே நாலு மணி நேரம் சுத்தணும்" என்றார் அந்த மனிதர்.

"பாக்கலாம் சார். மொதல்ல ஆடாம உக்காருங்க" என்றேன்.

என் பெயர் ஓபாகெங். அப்போது இருபத்திரண்டு வருஷமாக மொகோரோவின் வாலில் நின்று கழி ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தவன். ஒல்லித் தோணி அது. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நாலு விரல்தான் இடைவெளி. நாணலுக்கு நடுவே போகிற வழியெல்லாம் இடுப்பளவு ஆழம், பயமில்லை. பயமெல்லாம் நடுநடுவே வருகிற குட்டைகளில்தான். ஆழம் இருக்கிற இடத்தில் நீர்யானை படுத்திருக்கும்.

அதற்கு எங்கள் துறையில் ஒரு முறை உண்டு. முன்னால் போகிறவன் குட்டையின் வாயில் நின்று, கழியால் தோணி விளிம்பில் மூன்று தட்டுத் தட்டுவான். பத்து மூச்சு விடுகிற நேரம் காத்திருப்பான். அடியில் அது இருந்தால் சத்தம் பொறுக்காமல் மேலே வந்து புஸ்ஸென்று மூச்சு விட்டுத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். வரவில்லை என்றால் கடந்து போய், அக்கரையிலிருந்து இரண்டு தட்டு. வா, ஒன்றுமில்லை என்று அர்த்தம். பின்னால் வருகிறவன் மறுபடி சோதித்துப் பார்க்க மாட்டான். முன்னால் போனவனை நம்பிக் கழியை ஊன்றுவான்.

அதற்கு முந்தின வருஷம் எனக்குப் பின்னால் வந்தவன் தீரோ. என் மனைவி செதுன்யாவின் அண்ணன். தாய் தகப்பன் இல்லாத அவளைத் தூக்கி வளர்த்தவன்.

அன்றைக்கு என் தோணியில் இருந்தவர்கள் அந்தி வெளிச்சம் போவதற்குள் படம் எடுக்க வேண்டும் என்று பறந்தார்கள். நானும் பறந்தேன். மூன்று பனைக் குட்டை என்று நாங்கள் சொல்கிற இடத்தில் நான் தட்டவில்லை, காத்திருக்கவில்லை. விறுவிறுவென்று கடந்துவிட்டு, அக்கரையிலிருந்து டக்டக் என்று இரண்டு தட்டு.

"என்ன மாப்ளே, அதுக்குள்ளயா? நீர்யானைக்கு லீவு விட்டுட்டியா?" என்று சிரித்தான் தீரோ.

"பேச்ச விடு மச்சான். வா."

வந்தான். நடுக்குட்டையில் நீர்யானை தோணியைக் கவிழ்த்தது. அவன் தோணியில் இருந்த இரண்டு பேரும் நாணலைப் பிடித்து ஏறிப் பிழைத்தார்கள். தீரோவின் கழி மட்டும் மறுநாள் மிதந்து வந்தது. நாலு நாள் தேடியும் உடம்பு கிடைக்கவில்லை, அங்கே முதலைகளும் உண்டு. காத்திருந்தாயா என்று எல்லாரும் கேட்டார்கள். காத்திருந்தேன் என்றேன். செதுன்யா ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். அவளிடமும் அதையேதான் சொன்னேன்.

பாவி, நான்.

டென்மார்க் தம்பதியோடு அதே குட்டையின் வாய்க்கு வந்தபோது மணி பத்து இருக்கும். நல்ல வெயில். ஆம்பல் பூ விரிந்து கிடந்தது. இந்த முறை நான் முறைப்படிதான் செய்தேன். மூன்று தட்டு. ஒன்று, இரண்டு என்று மூச்சை எண்ணினேன். அதுவரை கத்திக்கொண்டிருந்த தவளைகள் ஏழாவது மூச்சில் நின்றுவிட்டன. சேறும் அழுகிய புல்லும் கலந்த ஒரு வாடை தண்ணீரிலிருந்து கிளம்பியது.

பத்து முடிந்தது. நீர்யானை வரவில்லை.

அக்கரையிலிருந்து டக்டக் என்று கேட்டது.

நாங்கள்தான் அன்றைக்கு முதல் தோணி. எங்களுக்கு முன்னால் யாரும் போகவில்லை.

அந்தம்மா திரும்பிப் பார்த்தார். தட்டுக் கணக்கையெல்லாம் வரும் வழியில் நானே பெருமையாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன். "வரச் சொல்றாங்க போலிருக்கே. உங்க ஆளா?"

"இல்ல."

"அப்ப யாரு?"

தோணியைத் திருப்பினேன். கழி சேற்றிலிருந்து லேசில் வரவில்லை. அடியில் யாரோ அதைப் பிடித்துக்கொண்டு, யோசித்து, பிறகு விட்டமாதிரி இருந்தது. இரண்டு மணி நேரச் சுற்றுவழியில் அவர்களைத் தீவுக்குக் கொண்டுபோனேன். யானை பார்த்தார்கள்.

துறைக்குத் திரும்பியதும் அந்தம்மா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. நான் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

செதுன்யா சோளக்களியும் பொரித்த மீனும் வைத்தாள். அவள் உட்காரவில்லை.

"ஏங்க, மூணு பனைக் குட்டையில தட்டுச் சத்தம் கேட்டுச்சாமே."

"மரங்கொத்தியா இருக்கும்."

"கோரைப்புல்லுல என்னத்தக் கொத்துது மரங்கொத்தி?"

நான் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"எங்கண்ணன்தாங்க. எனக்குத் தெரியும். அவன் கூப்பிடறான். ஒரு எலும்பு கெடச்சாக்கூடப் போதும், எங்கம்மா பக்கத்துல பொதச்சிருவேன். ஒரு வருஷமா எங்க உக்காந்து அழறதுன்னே எனக்குத் தெரியல."

"போகாத. அது நல்ல எடமில்ல."

"அவன் தட்டினா நல்ல எடந்தான். காத்திருக்காம எங்கண்ணன் ஒரு நாளும் தட்டினதில்ல. வான்னு சொன்னா வரலாம்."

குட்டையில் கேட்டவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அது தீரோவின் தட்டு இல்லை. தீரோ முதல் தட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே நிதானமாக ஒரு இடைவெளி விடுவான். இது இடைவெளி இல்லாமல் அவசரமாக விழுந்த தட்டு. முந்தின வருஷம் நான் தட்டின அதே தட்டு. அந்தக் குட்டை அதை வைத்திருந்து திருப்பித் தட்டுகிறது.

இதை அவளிடம் சொன்னால் போதும், அவள் போகமாட்டாள். சொன்னால் என்னையும் அன்றோடு தலைமுழுகிவிடுவாள். வாயைத் திறந்தேன்.

"மீன்ல உப்புக் கொறச்சல்" என்றேன்.

விடிந்து எழுந்தபோது அவள் பாய் சுருட்டி வைத்திருந்தது. செதுன்யாவும் ஆற்றங்கரையில் பிறந்தவள், நாணல் அறுக்கத் தனியாகத் தோணி எடுத்துப் போகிறவள். துறைக்கு ஓடினேன். என் தோணி இல்லை. கிளம்பும்போதே பார்த்தேன், தீரோவின் கழியும் இல்லை. ஒரு வருஷமாக யாரும் தொடாமல் எங்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்த கழி அது.

கைக்குக் கிடைத்த தோணியை எடுத்துக்கொண்டு தள்ளினேன். தண்ணீர்மேல் பனி மூட்டமாக நின்றது. எத்தனையோ வருஷம் போய்வந்த வழி, எனக்கே புதிதாக இருந்தது. நாணலுக்கு அந்தப் பக்கம் மரத்தில் மரம் படுகிற சத்தம் கேட்டது.

மூன்று தட்டு.

நிதானமாக, அவள் அண்ணன் சொல்லிக்கொடுத்த மாதிரியே. அவள் காத்திருந்தாள். நானும் அவளோடு சேர்ந்து எண்ணினேன். பத்து.

டக்டக்.

"செதுன்யா, போகாத" என்று கத்தினேன்.

குட்டையின் வாய்க்கு நான் வந்தபோது அவள் பாதி தூரம் போயிருந்தாள். பனிக்குள் நேராக நின்று கழி ஊன்றிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"அண்ணன் கூப்பிடறான். கேக்கலயா?" என்றாள். அவள் குரலில் அத்தனை சந்தோஷம். கல்யாணமானதிலிருந்து நான் அதைக் கேட்டதில்லை.

"அது அவன் இல்ல. அது நான் தட்டினது. அன்னிக்கு நான் காத்திருக்கல செதுன்யா. மூணு தட்டுக்கூடத் தட்டல. சும்மா கடந்து போயிட்டு, 'வா'ன்னு தட்டிட்டேன். அவன் என்ன நம்பி வந்துட்டான்."

அவள் கழி நின்றது.

மெதுவாகத் தோணியை என் பக்கம் திருப்பினாள். என் முகத்தைப் பார்க்கத்தான் திருப்பினாள் என்று நினைக்கிறேன். குட்டையின் நடுவில் தோணி குறுக்காக நின்றது. எந்தத் தோணிக்காரனும் அப்படி நிறுத்தமாட்டான்.

"ஒரு வருஷமா என் கையால சாப்பிட்டீங்களே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

தவளைகள் நின்றன.

அவளுக்குக் கீழே தண்ணீர் வீங்கியது. சத்தமே இல்லை, புஸ்ஸென்ற மூச்சு இல்லை, கர்ஜனை இல்லை. தோணி ஒரு பக்கம் தூக்கியது, அவள் இந்தப் பக்கம் விழுந்தாள். நான் பார்த்த நீர்யானை எதுவும் அவ்வளவு அமைதியாக வந்ததில்லை. நான் குதித்தேன். முங்கி முங்கித் தேடினேன். கையில் ஆம்பல் தண்டுதான் சிக்கியது. நேராகப் போயிருந்தால் அவள் கரை சேர்ந்திருப்பாளோ, என்னவோ. உண்மையைச் சொல்லி நான்தான் அவளை அங்கே நிறுத்தினேன். ஒரு வருஷம் முன்னால் சொல்ல வேண்டியதை அந்த இடத்தில் போய்ச் சொன்னேன்.

அவளும் கிடைக்கவில்லை.

அது நடந்து மூன்று வெள்ளம் வந்து போய்விட்டது. நான் கழியைத் தொடுவதில்லை. ஊர்ப்பக்கம் போவதில்லை. தண்ணீரே கண்ணில் படாத மணல்காட்டில், மவுன் ஊருக்கு வெளியே, செங்கல் சூளையில் மண் குழைக்கிறேன். தகரக் குடிசை, தகரக் கதவு. இரவில் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. எல்லாம் பகலில்தான், சூளையில் சாப்பாட்டுக்கு விடுகிற நேரத்தில்.

முதல் இரண்டு வருஷமும் தகரக் கதவில் டக்டக் என்று இரண்டு தட்டு வரும். வா என்கிறது. நான் போகமாட்டேன். போகாதவரை ஒன்றுமில்லை என்று பழகிக்கொண்டேன்.

இந்த ஜூனில் அது மாறிவிட்டது. இப்போது வருவது மூன்று தட்டு.

நிதானமாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி விட்டு. அந்தக் கை யாருடையது என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு சத்தம் இருக்காது. பத்து மூச்சு காத்திருக்கிறாள், உள்ளே மிருகம் ஏதாவது இருக்கிறதா, தன்னைக் காட்டிக்கொடுக்குமா என்று. நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டு தரையில் படுத்துக்கிடப்பேன். பத்து முடிந்ததும் போய்விடுவாள்.

இன்று மத்தியானமும் தட்டினாள். எண்ணினேன். எட்டு வரை அடக்கிவிட்டேன். சூளைத் தூசி தொண்டையில் இருந்தது, ஒன்பதில் இருமி நானே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன்.

வெளியே இருந்தவள் போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம், காய்ந்த மணலில், அவள் கழியை எடுத்து என் பக்கமாக ஊன்றுகிற சத்தமும் அதைச் சுற்றித் தண்ணீர் விலகுகிற சத்தமும் கேட்டன.