ஐந்தாவது குதிரை

ரெனிட்டா நாலு குதிரைகளுக்குத்தான் புல் போட்டிருந்தாள். ஆனால் மெல்லுகிற சத்தம் ஐந்து வாய்களிலிருந்து வந்தது.

டெண்டுக்குள் பாய் விரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்று காது கொடுத்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்டுப் பழகிய சத்தம் அது. பல் தேய்ந்த கிழட்டு வெள்ளைக்குதிரை அம்மி அரைப்பது போல நறநறவென்று மெல்லும். இளசுகள் இரண்டும் வெடுக்கென்று இழுத்து அவசரமாக விழுங்கும். செவலைக்குதிரை தும்மித் தும்மித் தின்னும். இவற்றுக்கு நடுவே, நனைந்த கோணிச்சாக்கைக் கடித்து இழுப்பது போல, நிதானமாக, சதசதவென்று இன்னொரு சத்தம்.

பிளவக்கல் அணைக்கு மேலே, மலையடிவாரத்து மாந்தோப்பில் இருந்தது அவர்களுடைய முகாம். ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் குடும்பங்கள் வந்து டெண்டில் தங்கி, குதிரையேறி ஓடைக்கரையோடு காட்டின் விளிம்புவரை போய்வருவார்கள். அதை ஆரம்பித்தவன் அவள் கணவன் ஆல்வின். போன ஐப்பசியில் மலையில் மழை கொட்டி, திடீரென்று காட்டுவெள்ளம் இறங்கியபோது, ஓடையைக் கடந்துகொண்டிருந்த ஆல்வினையும் அவன் ஏறியிருந்த மயிலி என்ற சாம்பல்நிறப் பெட்டைக்குதிரையையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆல்வின் அணைத்தண்ணீரில் கிடைத்தான். மயிலி கிடைக்கவே இல்லை.

ரெனிட்டா அழவில்லை. கல்லறைத் தோட்டத்தில் பெட்டியின் மேல் மண் அள்ளிப் போட்டபோதும் அவளுக்குள் எதுவும் அசையவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை போல உடம்பு மொத்தமும் மரத்துக் கிடந்தது. இன்றுவரை அது தெளியவில்லை. ஆல்வினின் தம்பி ஜெர்வின்தான் முகாமை விடாமல் நடத்தி வந்தான். இன்று சாயங்காலம் கௌதம்ராஜின் ஜீப்பில் விருந்தாளிகள் வருவதாக இருந்ததால், இருவரும் மத்தியானமே வந்து கூடாரம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஜெர்வின், கயித்துல எத்தன குதிர நிக்குது?" என்று உள்ளேயிருந்தபடி கேட்டாள்.

"இதென்ன மதினி கேள்வி? நாலுதான்." அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவன் சிரித்தான். பிறகு எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான். "மூடுபனியில ஒண்ணும் சரியாத் தெரியல."

அவள் வெளியே வந்தாள். வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. மலையிலிருந்து இறங்கிய பனி மாமரங்களின் இடுப்புவரை நிரம்பியிருந்தது. இரண்டு மரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய கயிற்றில்தான் குதிரைகளைக் கட்டியிருந்தார்கள். நான்கும் ஒரு பக்கமாக ஒதுங்கி, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. கயிறு விறைத்திருந்தது. அவள் ஒவ்வொன்றின் முதுகையும் தடவிக்கொண்டே போனாள். வெள்ளையின் முதுகு சூடாக நடுங்கியது. செவலை, பிறகு இளசுகள் இரண்டும். எல்லாம் நடுங்கின.

கயிறு முடிந்த இடத்துக்கு அப்பாலும் கைக்கு ஒரு முதுகு தட்டுப்பட்டது.

ஈரமான முதுகு. அன்று மழையே பெய்யவில்லை. தூர்வாரும் கிணற்றிலிருந்து எழுவது போல, அழுகிய இலையும் வண்டலும் கலந்த வாடை. அவள் வலது கை தானாகவே பிடரி வழியாக மேலேறி இடது காதைத் தொட்டது. காதின் நுனி பிளந்திருந்தது. முள்வேலியில் மாட்டிக் கிழிந்த மயிலியின் காது. அதற்கு மருந்து போட்டவளே அவள்தான்.

குதிரை தலையைத் திருப்பி அவள் உள்ளங்கையில் மூக்கை வைத்தது. மூச்சு வரவில்லை.

கத்தியிருக்க வேண்டும். ஓடியிருக்க வேண்டும். பயம் எங்கோ தூரத்தில், அடுத்த வீட்டில் நடக்கிற சண்டை போலக் கேட்டது. அவ்வளவுதான். செத்த நேரம் அதைத் தடவிக்கொண்டே நின்றுவிட்டு, அடுப்புப் பக்கம் திரும்பி வந்தாள்.

ஜெர்வின் கருப்பட்டிக் காப்பியை டம்ளரில் ஊற்றி நீட்டினான். அவள் வலது கையால் வாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி! கை செவந்துபோச்சு, கீழ வைங்க! சுடலயா?"

அவள் குனிந்து பார்த்தாள். விரல்கள் வெந்த நிறத்தில் இருந்தன. டம்ளரைப் பிடித்திருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. மணிக்கட்டுக்குக் கீழே கை என்று ஒன்று இல்லாதது போலிருந்தது.

"ஜெர்வின், நீ கயித்துப் பக்கம் போகாத."

"ஏன், என்ன?"

சொல்ல வாயெடுத்தாள். நாக்கு தடித்துப்போய் அசைய மறுத்தது. அதற்குள் ஓடைக்கு அக்கரையிலிருந்து ஹாரன் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

"கௌதம்ராஜ் ஜீப்பு! ஆளுகளோட வந்துட்டான். மேல இடி இடிச்சுச்சே, தண்ணி ஏறுற நேரத்துல ஓடையில எறங்கிறப் போறான். திருப்பி அனுப்பிட்டு வாரேன்."

ஜெர்வின் குதிரை எடுக்கக் கயிற்றுப் பக்கமாகப் பனிக்குள் ஓடினான். "நில்லு" என்று அவள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. குளம்புச் சத்தம் எழுந்தது. சரிவில் இறங்கியது. தேய்ந்தது.

ரெனிட்டா டார்ச்சை இடது கையில் எடுத்துக்கொண்டு கயிற்றுப் பக்கம் போனாள்.

வெள்ளை. செவலை. இளசுகள் இரண்டு.

நான்கும் அங்கேயே நின்றன.

அவள் ஓடைக்கரைக்கு ஓடினாள். அக்கரையில் ஜீப்பின் விளக்குகள் பனிக்குள் இரண்டு மஞ்சள் கறைகளாகத் தெரிந்தன. தண்ணீரின் இரைச்சலுக்கு மேலே கௌதம்ராஜின் குரல் கேட்டது.

"அண்ணே, நாங்க வரல! நீங்க திரும்பிப் போங்க! அண்ணே, அது ஆழம்! கடிவாளத்தப் பிடிச்சு இழுங்க! அண்ணே, குதிச்சிருங்கண்ணே!"

பிறகு அவன் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். ஜீப்புக்குள்ளிருந்து ஒரு பெண் வீறிட்டாள். மஞ்சள் விளக்குகள் தடுமாறிப் பின்வாங்கின. மரங்களுக்குள் மறைந்தன.

தண்ணீரின் இரைச்சல் மட்டும்.

"ஜெர்வின்!"

மரமரப்பு வலது முழங்கையைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் தோப்பில் நாலு குதிரைகளும் ஒன்றாகக் கனைத்தன. கயிறு அறுந்தது. அவை ஓடும் சத்தம். அதுவும் அடங்கியது.

ஓடைக்குள் ஏதோ நடந்தது.

கல்லில் குளம்பு. நிதானமாக. மறுபடி ஒன்று. கரையேறுகிறது.

வண்டல் வாடை முதலில் வந்தது. பிறகு பனி விலகியது. சாம்பல்நிறத் தலை. பிளந்த காது. மேலே ஜெர்வின். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கண்கள் திறந்திருந்தன. டார்ச் வெளிச்சம் நேராக விழுந்தும் இமைக்கவில்லை. வாய் ஓரத்திலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நிற்காமல். குழாயைத் திறந்துவிட்டது போல.

குதிரை அவளுக்கு முன்னால் வந்து நின்றது.

ஜெர்வினின் உதடுகள் அசைந்தன.

"ஏட்டி. வா."

ஜெர்வின் ஒருநாளும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிடுகிறவன் ஒருவன்தான் இருந்தான்.

ஒரு வருஷமாகச் செத்துக் கிடந்த பயம் அப்போதுதான் அவளுக்குள் எழுந்தது. முழுசாக. அடிவயிற்றிலிருந்து. அவள் அலறினாள். டார்ச்சை வீசி எறிந்துவிட்டு, திரும்பி, தோப்பைப் பார்த்து ஓட எட்டு வைத்தாள்.

உடம்பு திரும்பியது. வலது கை வரவில்லை.

கீழே கிடந்த டார்ச்சின் வெளிச்சத்தில் பார்த்தாள். வெந்து சிவந்த அவளுடைய ஐந்து விரல்களும் ஈரப் பிடரியை இறுக்கிப் பிடித்திருந்தன. இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். பிரியவில்லை.

மயிலி மெல்ல ஓடையை நோக்கித் திரும்பியது.