ஒற்றைக் காது முயல்

சிட்டு தைத்த துணிப்பறவை விண்வெளிக்குப் போகப்போகிறது. வகுப்பில் இது தெரியாதவர்கள் யாருமே இல்லை. தெரிந்தவர்களிடமும் அவள் இன்னொரு தடவை சொல்லியிருந்தாள்.

சிட்டுவின் அம்மா விண்வெளி வீராங்கனை. அவர்கள் நாட்டில் ஒரு விண்கலத்துக்குத் தலைமை ஏற்கும் முதல் பெண். கலத்துக்குள் சின்னப் பொம்மை ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவார்கள். பொம்மை மிதக்கத் தொடங்கினால், எடையே இல்லாத இடத்துக்கு வந்தாயிற்று என்று அர்த்தம். எந்தப் பொம்மை என்பதைச் சொல்ல வேண்டியவள் சிட்டு.

மறுநாள் காலை அம்மா கிளம்ப வேண்டும். சளி, காய்ச்சல் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, பறக்கும்வரை விண்வெளி வீரர்கள் தனியாகத் தங்குவார்கள்.

"டூத் பிரஷ் வெச்சியா?" என்று அப்பா மறுபடியும் கேட்டார்.

"வெச்சாச்சு. முதன்முதலா விண்வெளிக்குப் போன பெண்ணுக்கு அத வைக்க மறந்துட்டாங்கன்னு உங்ககிட்ட சொன்னதே தப்பு."

"அப்புறம் எப்படிம்மா பல்லு தேய்ச்சாங்க?" என்றாள் சிட்டு.

"பேஸ்ட் இருந்துச்சு. கை இருந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள், தம்பியைத் தவிர. வீட்டில் அவன் பெயர் கட்டெறும்பு. கோபம் வந்தால் கடிப்பான். இன்று கடிக்கவில்லை, சாப்பிடவும் இல்லை. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

சிட்டு தவழ்ந்து உள்ளே போனாள். "என்னடா?"

"அங்க அம்மா தூங்கும்போது யாரு கையப் பிடிச்சுக்குவா?"

"கூட ரெண்டு பேர் போறாங்கடா."

"அவங்க பிடிக்க மாட்டாங்க. இவன் பிடிச்சுக்குவான்." மார்போடு அணைத்திருந்த ஒற்றைக் காது முயலைக் காட்டினான். "உன் பறவைக்குக் கையே இல்ல."

சிட்டுவுக்குச் சுருக்கென்றது. கை எதற்கு? அதற்கு இறக்கை இருக்கிறதே. ஒவ்வொரு இறகாக வெட்டித் தைத்தவள் அவள். தொலைக்காட்சியில் வகுப்பே பார்க்கப்போகிறது. 'அதெல்லாம் முடியாது' என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

ஆனால் அந்த முயல் இல்லாமல் கட்டெறும்பு ஒரு நாளும் தூங்கியதில்லை. அதையே கொடுக்கிறேன் என்கிறான். திறந்த வாய் தானாக மூடிக்கொண்டது.

"இவனுக்குக் கண்ணு ஆடுதேடா. கழண்டு பறந்தா மெஷினுக்குள்ள மாட்டிக்கும்."

கட்டெறும்பின் உதடு பிதுங்கியது. "அப்ப இவன் போக முடியாதா?"

"ஊசி எடுத்துட்டு வா."

ஆடிய பொத்தான் கண்ணை வெட்டினாள். அந்த இடத்தில் கறுப்பு நூலால் கண் தைத்தாள்.

"வலிக்குமா?"

"இவன் உன்ன மாதிரி அழுமூஞ்சி இல்ல." பறவையை அவன் கையில் வைத்தாள். "இன்னைக்கு இத வெச்சுத் தூங்கு. கை இல்லன்னா என்ன, இறக்கையப் பிடிச்சுக்கோ."

காலையில் சிட்டு நீட்டிய முயலை அம்மா பார்த்தாள். பிறகு சிட்டுவைப் பார்த்தாள்.

"தொங்கவிடக் கயிறு வேணுமே," என்று சொல்லி, சிட்டுவின் பின்னலிலிருந்து சிவப்பு ரிப்பனை உருவிக்கொண்டாள்.

ராக்கெட் கிளம்பிய நாளில் மூவரும் தொலைக்காட்சி முன் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கலத்துக்குள் முயல் விறைப்பாகத் தொங்கியது. கட்டெறும்பு பறவையின் இறக்கையை நசுக்கிக்கொண்டிருந்தான். சில நிமிடங்களில் முயல் மெல்ல மேலே எழும்பியது. அம்மா கையுறை போட்ட கையை நீட்டி, அதன் கையைப் பிடித்தாள்.

"பாத்தீங்களா, பிடிச்சுக்கிட்டான்," என்றான் கட்டெறும்பு. "அப்பா, பசிக்குது."

பிறகு திரையை உற்றுப் பார்த்தான்.

"அக்கா, உன் ரிப்பனும் பறக்குது."